இன்ஜின் ஏற்றும்போது எர்த் போல்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்துப் பட்டறைகளில் இன்ஜின் வேலை முடிந்து வெளியே வரும் கார்களைப் பற்றி ஒரே புகார் திரும்பத் திரும்ப வரும். "பிஸ்டன், ரிங், ஹெட்டு எல்லாம் பார்த்தாச்சு, ஆனா செல்ஃப் எடுக்க மாட்டேங்குது." உடனே பேட்டரியை மாற்றுவார்கள். அப்புறம் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவார்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் ஈசிஎம் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) மீது பழி விழும். கடைசியில் பார்த்தால் கியர்பாக்ஸ் மேல் ஒரு எர்த் போல்ட் கையால் திருகிய அளவிலேயே நின்றிருக்கும்.

இங்கே உள்ள பதில்கள் 12 வோல்ட் பெட்ரோல், டீசல் கார்களுக்கானவை. உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் வேறு அளவு சொன்னால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

எர்த் போல்ட் என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து கிளம்பும் மின்சாரம் செல்ஃப் மோட்டாரையோ ஹெட்லைட்டையோ ஓட்டிவிட்டு நெகட்டிவ் முனைக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பி வர ஒவ்வொன்றுக்கும் தனி வயர் இழுக்காமல், இன்ஜினையும் வண்டியின் பாடியையுமே பாதையாக வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்ட் மேல். ரப்பர் வழியாக மின்சாரம் போகாது. அதனால் இன்ஜினையும் பாடியையும் பேட்டரியையும் தடித்த கறுப்பு வயராலோ செம்புப் பின்னல் பட்டையாலோ இணைத்திருப்பார்கள். அந்த இணைப்புகளின் முனையில் இருப்பவைதான் எர்த் போல்ட்கள்.

பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு ஒன்று, பேட்டரி தட்டுக்கு அருகிலேயே இருக்கும். கியர்பாக்ஸுக்கோ, அதை இன்ஜினோடு சேர்க்கும் பெல் ஹவுசிங்குக்கோ ஒன்று. செல்ஃப் மோட்டாரின் மொத்தச் சுமையும் இதன் மேல்தான். ஹெட்டிலோ, அதற்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டிலோ மெல்லிய வயர்கள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே போல்ட்டில் நிற்கும். அவை பெரும்பாலும் ஈசிஎம், இக்னிஷன் காயில், சென்சார்களின் எர்த். இவை தவிர ஹெட்லைட், ஃபேன் எர்த் ரேடியேட்டர் சப்போர்ட் பக்கம் இருக்கும். டேஷ்போர்டின் எர்த் உள்ளே, கால் வைக்கும் இடத்தின் ஓரத்தில்.

லூஸ் ஆனால் வண்டி என்ன செய்யும்?

எந்த எர்த் லூஸ் என்பதைப் பொறுத்தது. கியர்பாக்ஸ் எர்த் என்றால் சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அல்லது செல்ஃப் முக்கிக்கொண்டே சுற்றும். பாடி எர்த் என்றால் இண்டிகேட்டர் போட்டால் டெம்பரேச்சர் முள் கூடவே துள்ளும், ஹெட்லைட் போட்டால் பெட்ரோல் முள் இறங்கும்.

மேனிஃபோல்டில் இருக்கும் சின்ன எர்த்தான் ஆளைச் சுற்றலில் விடும். சென்சார்களின் எர்த் பாதையில் 0.3 வோல்ட் ஏறினால்கூட ஈசிஎம் படிக்கும் கணக்கு மாறிவிடும். கூலன்ட் சென்சார் இன்ஜின் குளிர்ந்திருப்பதாகச் சொல்லும், மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் சுமை அதிகம் என்று சொல்லும். இரண்டுமே பெட்ரோலைக் கூட்டும். ஓனருக்குத் தெரிவது மைலேஜ் குறைவதும் ஐடிலிங்கில் இன்ஜின் ஆடுவதும் மட்டும்தான். "இன்ஜின் வேலை சரியில்லை" என்று பழி மெக்கானிக் தலையில் விழும்.

ஸ்கேனர் போட்டால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கோளாறு எண்கள் ஒரே சமயத்தில் வரும். மின்னழுத்தம் குறைவு என்று பி0562, கிராங்க் சென்சாருக்கு பி0335, ஈசிஎம்முடன் தொடர்பு அறுந்தது என்று யூ0100. ஒவ்வொன்றுக்கும் ஒரு புது சென்சார் வாங்காதீர்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான எர்த் எங்கே இறங்குகிறது என்று முதலில் தேடுங்கள்.

செல்ஃப் அடித்தால் கிளட்ச் கேபிள் சுடுகிறது. கிளட்ச் பிரச்சினையா?

இல்லை. இன்ஜின் எர்த் போய்விட்டது. செல்ஃப் மோட்டார் சின்ன பெட்ரோல் காரிலேயே நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த மின்சாரத்துக்கு நேர்வழி அடைபட்டால் கிடைக்கிற வழியில் எல்லாம் புகும். எண்ணூர் விரைவுச் சாலை நின்றுபோனால் கண்டெய்னர் லாரி திருவொற்றியூர் தெருக்களில் நுழைகிற மாதிரிதான். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகிற எந்தக் கம்பியும் பாதையாகிவிடும்: கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் கேபிள். மெல்லிய கேபிள் அந்தச் சுமையைத் தாங்காமல் சூடாகும், உள்ளே பிளாஸ்டிக் உறை உருகிக் கம்பி பிடித்துக்கொள்ளும். ஆக்சிலரேட்டர் கேபிள் அப்படிப் பிடித்துக்கொண்டால் ஓடும் வண்டியில் ஆபத்து. கேபிள் சுடுகிறது என்று தெரிந்தவுடன் செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள். ஜம்ப் ஸ்டார்ட்டும் வேண்டாம்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி. இன்ஜின் வேலைக்குப் பிறகு மட்டும் ஏன் எர்த் கெடுகிறது?

இன்ஜினை இறக்க வேண்டுமானால் எல்லா எர்த்தையும் கழற்றியே ஆக வேண்டும். ஏற்றும்போது அவற்றைப் பூட்டுவது பெரும்பாலும் கடைசி நேரத்தில், சாயங்காலம், ஓனர் வாசலில் நிற்கும்போது. அவசரத்தில் நடப்பவை அநேகமாக இந்த நாலைந்துதான்.

போல்ட் மாறிவிடும். கழற்றியதையெல்லாம் ஒரே டப்பாவில் போட்டால் எது எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. பிராக்கெட்டுக்கு வந்த நீள போல்ட் எர்த் ஓட்டைக்குப் போகும், அதனால் வரும் வினை அடுத்த கேள்வியில்.

சில்வர் பெயிண்ட். வேலை முடிந்த இன்ஜின் புதுசு மாதிரி தெரிய வேண்டும் என்று பிளாக், பெல் ஹவுசிங் எல்லாவற்றுக்கும் ஸ்ப்ரே அடிக்கிற வழக்கம் நம் பக்கம் உண்டு. லக் (வயர் முனையில் போல்ட் நுழையும் உலோக வளையம்) உட்காரும் முகத்திலும் அது படிந்துவிடும். அதன் மேல் எவ்வளவு இறுக்கினாலும் லக்குக்கும் உலோகத்துக்கும் நடுவில் பெயிண்ட்தான் இருக்கும். போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் கடத்தும், அதனால் லைட் எரியும், ஹாரன் அடிக்கும், செல்ஃப் மட்டும் முக்கும். பட்டறையில் சூட்டோடு சூடாக ஸ்டார்ட் ஆகிற வண்டி மறுநாள் காலை வீட்டில் நின்றுபோவதும் இதனால்தான். கேஸ்கெட் பேஸ்ட் வழிந்து காய்ந்திருந்தாலும் இதே கதை.

சில கார்களில் எர்த் லக், வயரிங் பிராக்கெட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உட்கார வேண்டும். அதைப் பிராக்கெட்டுக்கு வெளியே போட்டுவிடுவார்கள். பிராக்கெட் பெயிண்ட் அடித்ததாக இருந்தால் எர்த் பாதி போச்சு.

கடைசியாக, மறதி. மேனிஃபோல்டுக்குக் கீழே, கை நுழையாத இடத்தில் ஒரு பின்னல் பட்டை தொங்கிக்கொண்டிருக்கும். மேனிஃபோல்ட் ஏறிய பிறகு அது கண்ணுக்கே தெரியாது. அதனால் கியர்பாக்ஸ் எர்த், பிளாக் எர்த் இரண்டையும் மேனிஃபோல்டும் ஏர் ஃபில்டர் பெட்டியும் ஏறும் முன்பே பூட்டி, இறுக்கி, போல்ட் தலையில் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். கழற்றும் முன் போனில் நாலு படம் எடுத்து வைத்தால் பாதிச் சண்டை மிச்சம்.

அண்ணே, போல்ட் நல்லா டைட்டாதான் இருக்கு. லக்கு மட்டும் கையால ஆட்டினா ஆடுதே?

போல்ட் நீளம் அதிகம், தம்பி. பிளாக்கிலும் ஹெட்டிலும் இருக்கும் எர்த் ஓட்டைகள் பலவும் மறுபக்கம் திறக்காதவை, அடி மூடியிருக்கும். நீள போல்ட் அடியைத் தொட்டவுடன் ஸ்பேனர் கெட்டியாக நிற்கும், கைக்கு டைட் ஆனது போலவே இருக்கும். ஆனால் தலைக்கும் லக்குக்கும் நடுவே ஒரு நூலிழை இடைவெளி மிச்சம். இன்னும் இழுத்தால் அலுமினியத்தில் விரிசல் விழும்.

ஓட்டைக்குள் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தாலும் இப்படித்தான். பிளாக்கைக் கழுவியதும் இந்த ஓட்டைகளில் தண்ணீர் நின்றுவிடும். காற்றடித்து ஊதிக் காயவிடுங்கள். ஊதும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், உள்ளிருக்கும் எண்ணெய் நேராக முகத்துக்குத்தான் வரும்.

சரிபார்க்க ஒரு வழி: லக், வாஷர் எதுவும் இல்லாமல் போல்ட்டை மட்டும் கையால் அடிவரை திருகு. தலைக்கும் முகத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி நிற்கிறது என்று பார். அந்த இடைவெளி லக், வாஷர்களின் மொத்தத் தடிமனை விடக் குறைவாக இருந்தால்தான் போல்ட் லக்கைக் கவ்வும். அதிகமாக இருந்தால் வேறு போல்ட் எடு. வாஷரை நாலைந்து அடுக்கிச் சரிக்கட்டக் கூடாது.

லக் உட்காரும் இடத்தை எப்படிச் சுத்தம் செய்வது?

உப்புத்தாள், இல்லையென்றால் வயர் பிரஷ். லக்கின் வட்டத்தை விடக் கொஞ்சம் பெரிய வட்டமாக, உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேய்க்க வேண்டும். அலுமினியம் என்றால் நைஸ் உப்புத்தாளே போதும், கிரைண்டர் வைத்துப் பள்ளம் பறிக்காதீர்கள். லக்கின் இரு முகங்களையும் தேயுங்கள், செம்பு நிறமோ வெள்ளீய முலாமின் நிறமோ சீராகத் தெரிய வேண்டும். தேய்த்த பொடியைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்தெடுத்துக் காயவிட்டுப் பூட்டுங்கள். நம் பட்டறைகளில் எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவுகிற பழக்கம் இருக்கிறது. பேட்டரிக்குப் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம்.

தேய்த்த அலுமினியத்தை மறுநாள் பூட்டலாம் என்று விட்டுவைக்காதீர்கள். அதன் மேல் ஆக்சைடு படலம் உடனே உருவாகத் தொடங்கிவிடும், கடற்காற்றில் கேட்கவே வேண்டாம்.

வாஷர் எந்த வரிசையில் வரும்?

லக் நேராக உலோகத்தின் மேல். அதன் மேல் தட்டை வாஷர், அதன் மேல் ஸ்பிரிங் வாஷர், அப்புறம் போல்ட் தலை. ஸ்பிரிங் வாஷரை லக்குக்கு அடியில் போடுகிறவர்கள் நிறைய. மின்சாரம் பாய வேண்டிய முகத்தையே அது தூக்கிவிடுகிறது. பல் வைத்த ஸ்டார் வாஷர் கம்பெனியிலேயே லக்குக்கு அடியில் வந்திருந்தால் அதை மட்டும் அப்படியே போடுங்கள். பெயிண்டைக் குத்திப் பிடிப்பதற்காக வைத்தது. பழையதன் பல் மழுங்கியிருந்தால் புதிது வாங்குங்கள்.

ஒரே போல்ட்டில் பல லக் வந்தால் தடித்த வயரின் லக் அடியில், மெல்லியவை மேலே. எட்டு மில்லிமீட்டர் ஓட்டை உள்ள லக்கை ஆறு மில்லிமீட்டர் போல்ட்டில் மாட்டாதீர்கள், ஒரு பக்கமாக ஒதுங்கிப் பாதி முகம்தான் ஒட்டும்.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

பத்து நம்பர் ஸ்பேனர் பிடிக்கிற போல்ட் பெரும்பாலும் எம்6, அதாவது ஆறு மில்லிமீட்டர் போல்ட். அதற்குப் பொதுவாக 8 முதல் 10 நியூட்டன் மீட்டர். எம்8 போல்ட்டுக்கு 20 முதல் 25 வரை. எம்8-க்கு ஜப்பான், கொரிய வழி வண்டிகளில் பன்னிரண்டு நம்பர், ஐரோப்பிய வழி வண்டிகளில் பதின்மூன்று நம்பர் ஸ்பேனர் பிடிக்கும்.

டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: 15 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 7 கிலோ இழுப்பு கொடுத்தால் 10 நியூட்டன் மீட்டர். எம்6 போல்ட்டுக்கு இதுதான் எல்லை. நீளக் கைப்பிடி ராட்செட்டில் உடம்பு பலத்தைக் கொடுப்பதால்தான் அலுமினிய மரை பிய்ந்து வருகிறது. ஆயில் தடவிய மரைக்கு அதே டார்க்கில் இழுவை அதிகமாகும் என்பதால் மரையைத் துடைத்துவிட்டே போடுங்கள்.

மரை போய்விட்டது. போல்ட் சும்மா சுற்றுகிறது. இன்ஜினை மறுபடி இறக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். முதலில் ஓட்டையின் ஆழத்தைப் பாருங்கள். பழைய போல்ட் பாதி ஆழம் வரைதான் போயிருந்தால் அடியில் கெடாத மரை மிச்சம் இருக்கும். அடியைத் தொடாத அளவுக்குச் சற்றே நீளமான போல்ட் போட்டால் வேலை முடிந்தது.

அது இல்லையென்றால் சுருள் கம்பி இன்செர்ட், அதாவது ஹெலிகாயில். எம்6-க்கு 6.3 மில்லிமீட்டர் ட்ரில் போட்டு, அதற்கென்று வரும், மரை வெட்டும் டேப்பை அடித்து, சுருளை ஏற்ற வேண்டும். பழைய போல்ட்டே திரும்பப் பிடிக்கும், அலுமினியத்தில் பழைய மரையை விடக் கெட்டியாகவும் நிற்கும். ட்ரில்லில் கிரீஸ் தடவிக்கொண்டால் சீவல் அதில் ஒட்டிக்கொண்டு வரும். பக்கத்தில் திறந்திருக்கும் ஓட்டையை எல்லாம் துணியால் அடையுங்கள்.

மூன்றாவது வழி, எம்6 ஓட்டையை எம்8 ஆக்குவது. 6.8 மில்லிமீட்டர் ட்ரில், எம்8 டேப், அப்புறம் லக்கையும் எம்8 ஓட்டை உள்ளதாக மாற்ற வேண்டும். சுற்றிலும் சதை போதுமா என்று பார்த்துவிட்டுத்தான் இதில் கை வைக்க வேண்டும். பக்கத்திலேயே தண்ணீர்ப் பாதை ஓடுகிற ஹெட்டில் இது விபரீதம். கை நடுங்குகிறது என்றால் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் லேத் ஆட்களைக் கூப்பிடுங்கள். இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எம்சீல், அரால்டைட் ஊற்றிப் போல்ட்டை ஒட்டுவது மட்டும் கூடாது. போல்ட் நிற்கும், மின்சாரம் போகாது.

லாக்டைட் போடலாமா? கிரீஸ் தடவலாமா?

லாக்டைட் என்பது போல்ட் தளராமல் பிடிக்கும் பசை. நீல லாக்டைட் மரையில் ஒரு சொட்டு போடலாம், தப்பில்லை. லக் முகத்தில் படக் கூடாது. சிவப்பு வேண்டாம், அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களைத் திட்டுவார். கிரீஸோ வாசலினோ பூட்டி முடித்த பிறகு வெளியே மூடாப்பாகத் தடவ வேண்டியது. காற்றும் உப்பும் உள்ளே போகாமல் தடுப்பதுதான் அதன் வேலை.

பூட்டியாயிற்று. சரியாக இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து 'பீப்' கேட்டால் எர்த் ஓகே என்கிறார்கள். அதை நம்பாதீர்கள். நூறு இழை உள்ள வயரில் ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இணைப்பில் 0.01 ஓம் தடை, செல்ஃப் இழுப்பது 150 ஆம்பியர் என்றால் அந்த ஓர் இடத்திலேயே 1.5 வோல்ட் காணாமல் போகிறது. சாதாரண மீட்டர் 0.1 ஓமுக்குக் கீழே படிக்கவே படிக்காது, அதன் ஒயர்களுக்கே அதை விட அதிகத் தடை இருக்கும். இதை ஓம்ஸில் பிடிக்க முடியாது. சுமை ஏற்றி வோல்ட்டில் பார்க்க வேண்டும்.

வண்டி ஸ்டார்ட் ஆகாதபடி பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்குங்கள். கை கால் பெல்ட்டுக்கு அருகில் இல்லாமல், கியர் நியூட்ரலில். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவின் ஈயக் குமிழ் மேலேயே குத்திப் பிடியுங்கள். குமிழைக் கவ்வும் கிளாம்ப் மேல் வைத்தால் கிளாம்ப்பின் கோளாறு மறைந்துவிடும். மறுமுனை இன்ஜின் பிளாக்கில், பெயிண்ட் இல்லாத இடத்தில். இன்னொருவரை நாலைந்து நொடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் பாதையில் எங்கோ கோளாறு நிச்சயம். நடுவில் நின்றால் ஒருமுறை கழற்றித் தேய்த்துப் பூட்டுவதே நிம்மதி.

எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு முனையைக் குமிழிலேயே வைத்துக்கொண்டு மறுமுனையை நகர்த்துங்கள்: கிளாம்ப், வயரின் லக், போல்ட் தலை, கடைசியில் பிளாக். ஒவ்வொரு முறையும் செல்ஃப் அடிக்க வேண்டும். எந்த இடத்தில் எண் திடீரென்று எகிறுகிறதோ, அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் ஆள் இருக்கிறான். லக்கில் 0.1, போல்ட் தலையில் 0.15, பிளாக்கில் 0.9 என்று வந்தால் கதை தெளிவு: போல்ட் நன்றாக இருக்கிறது, அடியில் பெயிண்ட்.

அப்புறம் ஃபியூஸைப் போட்டு வண்டியை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டு, டைனமோவின் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவ் குமிழுக்கும் நடுவே பாருங்கள். அதுவும் 0.2-க்குள் இருக்க வேண்டும். டைனமோ 14.4 வோல்ட் கொடுத்தும் பேட்டரிக்கு 13 மட்டும் வந்தால், டைனமோவை ரீவைண்டிங்குக்கு அனுப்பும் முன் இந்த அளவையும், அதே போலப் பாசிட்டிவ் பக்க இழப்பையும் எடுத்துப் பாருங்கள். ஈசிஎம் எர்த்துக்கு அளவுகோல் இன்னும் கண்டிப்பு: 0.05 வோல்ட்.

சாதாரண டிஜிட்டல் மீட்டரே இதற்குப் போதும். ரிச்சி தெருவில் கிடைக்கும்.

மீட்டர் கையில் இல்லை. நடுரோட்டில் என்ன செய்வது?

ஜம்பர் கேபிள் இருந்தால் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில், மறுமுனையை இன்ஜினில் கெட்டியான ஓர் இரும்பில் மாட்டி செல்ஃப் அடியுங்கள். சட்டென்று எடுத்தால் எர்த்தான் கோளாறு.

கடலோரத்தில் இருப்பதால் எங்களுக்குத் தனியாக ஏதும் செய்ய வேண்டுமா?

வேண்டும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்கரையை ஒட்டி நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்று படிந்துகொண்டே இருக்கிறது. எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்துகொள்கிறது. சாம்பல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். செம்பு லக், அலுமினிய ஹவுசிங், நடுவில் உப்பு ஈரம் என்றால் அது தானாகவே ஒரு சின்ன பேட்டரி ஆகிவிடுகிறது. அரிபடுவது அலுமினியம். போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் அடியில் முகம் பொரிந்திருக்கும். செம்புப் பக்கம் பச்சைக் களிம்பு.

வெள்ளீய முலாம் பூசிய லக்கைப் போடுங்கள், அலுமினியத்தோடு வெறும் செம்பை விட ஒத்துப்போகும். ஸ்டெயின்லெஸ் போல்ட் துரு பிடிக்காது என்று பலர் தேடி வாங்குகிறார்கள். போல்ட் துரு பிடிக்காது, உண்மைதான். அதற்குப் பதில் அலுமினிய மரையைத் தின்னும். ஜிங்க் பூசிய சாதாரண போல்ட்டே இந்த இடத்துக்கு நல்லது.

மீன் ஏற்றுகிற வேன்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்டியிலிருந்து ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் தரை ஓட்டைகள் வழியாக இறங்கி, பாடி எர்த் போல்ட்டின் மேல் நாள் முழுக்கச் சொட்டும். இருக்கைக்கு அடியில் இன்ஜின் உள்ள வேன் என்றால் இன்னும் மோசம். அந்த எர்த்தைத் தரையிலிருந்து தூக்கி, தண்ணீர் படாத உயரத்தில், சட்டத்தில் வேறு இடம் பார்த்துப் பூட்டுவதே வழி.

வெள்ளத்தில் நின்ற வண்டி. இன்ஜினைப் பிரித்துச் சுத்தம் செய்தாயிற்று. எர்த்தையும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. அப்படி நின்ற வண்டிகளில் எண்ணெய்ப் படலம் லக் இடுக்கில் சேற்றைப் பிடித்துவைக்கும். வெளியே துடைத்தால் போகாது, ஒவ்வொன்றையும் கழற்றித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று, தண்ணீர் வயரின் இழைகளுக்கு நடுவே உறைக்குள் ஏறும். லக் சுத்தமாக இருக்கும், உறையை ஓர் அங்குலம் சீவினால் உள்ளே செம்பு கறுத்திருக்கும். கறுத்தது முடிகிற இடம் வரை வெட்டி எறிய வேண்டும், நீளம் பத்தவில்லை என்றால் வயரையே மாற்ற வேண்டும். டேஷ்போர்டுக்குக் கீழே, இருக்கைக்கு அடியில் இருக்கும் எர்த்களை இன்ஜின் மெக்கானிக் தொடமாட்டார். அதை எலக்ட்ரீசியனிடம் தனியாகச் சொல்லிச் செய்ய வையுங்கள்.

எர்த் வயரை மாற்றுவதென்றால் எந்த வயர் வாங்குவது?

சின்ன பெட்ரோல் காருக்கு 25 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், டீசலுக்கு 35. பழையது அதை விடத் தடிமன் என்றால் பழைய அளவே. வெல்டிங் கேபிள் நன்றாக உழைக்கும், இழை மெல்லியது என்பதால் இன்ஜின் ஆட்டத்துக்கு வளைந்துகொடுக்கும். பாரிமுனை ஹார்டுவேர் தெருக்களில் மீட்டர் கணக்கில் வாங்கலாம். வாங்கும்போது ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம், வைத்துவிட்டு வாருங்கள்.

லக்கைச் சுத்தியலால் நசுக்குவதை விட, கிரிம்பிங் கருவி வைத்திருக்கும் எலக்ட்ரிக் கடையில் அழுத்தி வாங்குவது மேல். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் போகும் வயரைக் கொஞ்சம் தொய்வாக விடுங்கள். விறைப்பாக இழுத்துக் கட்டினால் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் இன்ஜின் அசைந்து போல்ட்டை அதுவே தளர்த்தும்.

எல்பிஜி கிட், ஆம்ப்ளிஃபையர், ஃபாக் லைட் எல்லாவற்றுக்கும் அதே எர்த் போல்ட்டில் வயர் போட்டிருக்கிறார்கள்...

எடுத்துவிட்டுத் தனி இடம் கொடுங்கள். முக்கியமாக ஈசிஎம் எர்த் போல்ட்டில் வேறு எதுவும் ஏறக் கூடாது.

கடையில் விற்கிற 'எர்த் கிட்' போட்டால் பிக்கப் கூடுமா?

இருக்கிற எர்த் சரியாக இருந்தால் ஒன்றும் கூடாது. கெட்டிருந்தால் நல்ல மாற்றம் தெரியும், ஆனால் அது போல்ட்டைக் கழற்றித் தேய்த்தாலே கிடைக்கிற மாற்றம்தான்.

பேட்டரியை எந்த வரிசையில் கழற்றி மாட்டுவது?

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவை இறுக்கும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் நெகட்டிவ் இணைக்காதவரை தீப்பொறி வராது. கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றி வையுங்கள்.

இன்ஜின் அறையில் வெல்டிங் வைக்க வேண்டியிருந்தால் பேட்டரியோடு ஈசிஎம்மின் வயர் இணைப்பான கப்ளரையும் பிடுங்கிவிட வேண்டும். வெல்டிங் எர்த் கிளிப்பை வெல்ட் விழும் இடத்துக்கு அருகிலேயே மாட்டச் சொல்லுங்கள். வண்டியின் மறுகோடியில் பம்பரில் மாட்டிவிட்டு சைலன்சர் பிராக்கெட்டை வெல்ட் செய்தால் அந்த மின்சாரம் வண்டி முழுக்க உலாவிவிட்டுத்தான் திரும்பும்.

புது வண்டியில் நெகட்டிவ் கிளாம்ப் மேல் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதிலிருந்து ஒரு கப்ளரும் போகிறது. அது என்ன?

பேட்டரி சென்சார். சிக்னலில் தானாக நின்று தானாக ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் பார்க்கலாம். பேட்டரிக்குள் போகும், வரும் மின்சாரத்தை அது எண்ணுகிறது. கூடுதல் எர்த் எதுவாக இருந்தாலும், ஜம்பர் கேபிளின் கறுப்பு முனையாக இருந்தாலும், அந்தப் பெட்டியைத் தாண்டி பாடியிலோ இன்ஜினிலோ மாட்ட வேண்டும். நேராகக் குமிழில் மாட்டினால் அந்த மின்சாரம் கணக்கில் வராமல் போய், பேட்டரி நிலவரத்தை வண்டி தப்பாகப் புரிந்துகொள்ளும். கிளாம்ப்பைக் கழற்றும்போது ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீர்கள். நட்டை முழுக்கத் தளர்த்தி, நேராக மேலே தூக்குங்கள்.